விரும்பி வந்தார்களா?

தஞ்சாவூர் பெரிய கோயிலில் நான் வழிகாட்டி. அங்கே கல்வெட்டில் இருக்கும் ஆடல் பெண்களைப் பற்றி ஒருவர் கேட்ட அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதில் சரியானது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனாலும் பெரிய கோயில் சுற்றுச்சுவர்ப் பக்கம் போனாலே மனசு அங்கேயே நின்றுவிடுகிறது.

வந்தவர் சென்னையில் பரதம் கற்றுக்கொடுக்கிற அம்மா. அவர் ஒருத்தருக்காக ஒரு நாள் முழுக்க: காலையில் கோயில், மதியத்துக்கு மேல் அரண்மனையும் சரசுவதி மகால் நூலகமும். கோபுர நிழல் தரையில் விழாதாமே என்று எல்லாரும் கேட்கிற விஷயத்தை அவர் கேட்கவில்லை. (நிழல் விழும். கேட்பவர்களிடம் அப்படியே சொல்லிவிடுவேன்.) "தளிச்சேரிப் பெண்கள் கல்வெட்டைக் காட்டுங்க தம்பி" என்றார்.

தளிச்சேரி என்றால் கோயில் பெண்கள் குடியிருந்த தெருக்கள். எனக்கு ரொம்பப் பிடித்த கல்வெட்டு அது. சோழ நாட்டுக் கோயில்களிலிருந்து 400 ஆடல் பெண்களை ராஜராஜன் தஞ்சாவூருக்குக் கொண்டுவந்து குடியமர்த்தினான். ஆளுக்கொரு வீடு, வருஷத்துக்கு 100 கலம் நெல். யார், எந்தக் கோயிலிலிருந்து வந்தவர், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பதுவரை வெட்டியிருக்கிறது. தெற்குத் தளிச்சேரி, தென்சிறகு (தெற்கு வரிசை), முதல் வீடு, திருவையாற்றிலிருந்து வந்த நக்கன் சேரமங்கை. கோயில் கட்டிய அரசனின் பேரோடு இவர் பேரும் ஆயிரம் வருஷமாக இருக்கிறது. இதைச் சொல்லும்போது எனக்கு எப்போதுமே உடம்பு சிலிர்க்கும்.

அந்த அம்மா கல்லில் படாமல் விரலை எழுத்துக்கு நேராக நகர்த்திக்கொண்டே கேட்டார்: "இவங்க விரும்பி வந்தாங்களா, கூட்டிட்டு வந்துட்டாங்களா?"

"கல்வெட்டு அதைச் சொல்லலைம்மா. ஆனா ஒருத்தர் செத்தாலோ வேற தேசம் போனாலோ, அடுத்த உறவுக்காரர் அந்தப் பங்கை வாங்கிக்கிட்டு வேலை பார்க்கணும்னு இருக்கு. அப்படின்னா, போகவும் முடிஞ்சிருக்கு."

"போக விட்டாங்களா, ஓடிப்போனாங்களா?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. டிரைவர் வேறு போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார். அரண்மனையில் நான் சொன்னதற்கெல்லாம் அந்த அம்மா தலையாட்டினார், அவ்வளவுதான்.

வழிகாட்டியின் வேலை கல்லில் இருப்பதைச் சொல்வது. இல்லாததைச் சேர்த்தால் அதுவும் நிழல் கதை மாதிரி ஆகிவிடும். ஆனால் வீட்டையும் நெல்லையும் அவ்வளவு பெருமையாகச் சொன்னபோதே, அவர்கள் சந்தோஷமாகத்தான் வந்தார்கள் என்று நானும் பாதி சொல்லிவிட்டேனோ? அந்தக் காலத்தில் அது பெரிய மரியாதையாகவும் இருந்திருக்கலாம். திருவையாறு பக்கத்து ஊர்தான். தூரத்திலிருந்து வந்தவர்களுக்கு?

இப்போதெல்லாம் யாரும் கேட்காமலே அந்தக் கேள்வியையும் சேர்த்துச் சொல்கிறேன். சமீபத்தில் ஒரு குடும்பத்தோடு வந்த பெரியவர், "இதெல்லாம் எதுக்குப்பா, கோயிலைப் பத்திச் சொல்லு" என்றார். "இதுவும் கோயில் விஷயம்தாங்க ஐயா" என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை. பேரப்பிள்ளைகளோடு ஆசையாகக் கோயில் பார்க்க வந்தவர், அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் 400 பேர் என்று எண்ணிக்கையை மட்டும் சொல்லிவிட்டு நந்தி மண்டபத்துக்கு நடக்க என்னால் முடிவதில்லை.