வெண்திட்டும் ஓராண்டுக் கெடுவும்

கருப்பை வாயில் திசு எடுத்துச் செய்த பயாப்சியின் முடிவு ‘சி.ஐ.என். 1’ என்று வந்தபோது, புற்றுநோய்க்கு முந்தைய லேசான மாற்றம் என மருத்துவர் விளக்கியதில் முதல் சொல் மட்டுமே என் காதில் விழுந்தது. இப்போதைக்குச் சிகிச்சை வேண்டாம், ஓராண்டு கழித்துப் பரிசோதித்தால் போதும் என்று அவர் சொன்னதை அலட்சியமென்றே எண்ணினேன். அந்த எண்ணம் தவறு என்று புரியச் சில வாரங்களாயின.

கருப்பை வாயை உருப்பெருக்கிக் கருவியால் பார்க்கும் கால்போஸ்கோபியின்போது நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் தோய்த்த பஞ்சை வைத்ததும் வினிகர் வாடை எழுந்தது. ஒரு நிமிடத்துக்குள், இளஞ்சிவப்பாக இருந்த பரப்பின் ஓரத்தில் மெல்லிய வெண்திட்டொன்று திரையில் தெளிந்தது. அதிலிருந்துதான் அரிசிமணியளவு திசுவைக் கிள்ளியெடுத்தார்கள். கருப்பை வாயின் மேற்படலத்தை மூன்று அடுக்காகக் கொண்டால், அடியிலுள்ள மூன்றில் ஒரு பங்கோடு உருமாற்றம் நின்றிருப்பதே இந்த முதல் நிலை. பாலுறவு வழியாகப் பரவும் எச்.பி.வி. வைரஸ் தொற்றின் வெளிப்பாடான இது, பெரும்பாலோரிடம் உடலின் எதிர்ப்பாற்றலாலேயே ஓரிரு ஆண்டுகளில் மறைந்துவிடுகிறது. வைரஸை ஒழிக்கும் மாத்திரை ஏதும் இல்லை. மின்கம்பி வளையத்தால் அந்தப் பகுதியை அகற்ற முடியும் என்றாலும், பின்னாளில் கருவுற்றால் குறைமாதப் பிரசவத்துக்கான வாய்ப்பை அது சற்றுக் கூட்டக்கூடும் என்பதால், தானாகச் சரியாகக்கூடிய ஒன்றுக்கு அவசரப்பட்டுக் கத்தி வைப்பதில்லை.

எல்லோருக்கும் இதே கணக்கு பொருந்தாது. கருப்பை வாயின் செல்களைத் தடவியெடுத்துப் பார்க்கும் பாப் பரிசோதனையில் முன்பு தீவிர மாற்றம் தெரிந்திருந்தாலோ, எச்.ஐ.வி. போன்ற காரணங்களால் எதிர்ப்பாற்றல் குன்றியிருந்தாலோ கண்காணிப்பு நெருக்கமாகும். இரண்டு ஆண்டுகள் தாண்டியும் மாற்றம் நீடித்தால் சிகிச்சையைப் பற்றிப் பேசுவார்கள். புகைபிடிப்பது வைரஸ் நீங்குவதைத் தாமதப்படுத்துகிறது. எச்.பி.வி. தடுப்பூசி ஏற்கெனவே உள்ள தொற்றைப் போக்காது. அது குறிவைக்கும் வைரஸ் வகைகளில் இதுவரை தொற்றாதவற்றிடமிருந்து காக்கும்.

இவை அனைத்தையும்விட என்னை அலைக்கழித்தது, இது யாரிடமிருந்து வந்தது என்ற கேள்விதான். இந்த வைரஸ் அறிகுறியே இல்லாமல் பல ஆண்டுகள் உடலில் தங்கியிருக்கக்கூடியது, எனவே எப்போது, யாரிடமிருந்து என்று எந்தப் பரிசோதனையாலும் சொல்ல முடியாது என மருத்துவர் சொன்ன அன்று, வீட்டில் கணவரிடம் கேட்பதற்காக நான் மனத்துக்குள் அடுக்கி வைத்திருந்த கேள்விகளைக் கைவிட்டேன்.

ஏழு மாதங்கள் கடந்துவிட்டன. வலியோ இரத்தப்போக்கோ இல்லாததால் நாளை மறந்துவிடுவது எளிது என்பதால், அடுத்த பரிசோதனைத் தேதியைக் கைபேசியில் குறித்ததோடு கணவரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.