சர்டிபிகேட் இல்லாதவர்களுக்கு ஒரு பலகை

2024 ஜூலையில் விஜய் அமிர்தராஜையும் லியாண்டர் பயஸையும் அமெரிக்காவின் நியூபோர்ட்டில் இருக்கிற டென்னிஸ் ஹால் ஆஃப் ஃபேமில், அதாவது அந்த ஆட்டத்தில் பெயர் வாங்கினவர்களின் கௌரவப் பட்டியலில், சேர்த்தார்கள். கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்துப் பக்கம் ஒரு டீக்கடையில் அந்தச் செய்தியை நான்தான் சத்தமாகப் படித்தேன். பயஸ் ஆட்டக்காரர் கணக்கில் உள்ளே போனார். அமிர்தராஜைப் பங்களிப்பாளர் என்ற தனி வகையில் சேர்த்திருந்தார்கள். போட்டிகளைக் கொண்டுவந்தது, பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்க ஏற்பாடு செய்தது, டிவியில் வர்ணனை சொன்னது எல்லாம் அந்தக் கணக்கு. அவர்களோடு ரிச்சர்ட் எவான்ஸ் என்று பத்திரிகையிலும் வர்ணனையிலும் இருந்த ஒருவர். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பழைய கபடிக்காரர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப மைக் புடிச்சவனுக்கும் உண்டா?" என்று கேட்டார். எல்லாம் அந்தக் கேள்வியில் ஆரம்பித்தது.

நான் கபடியில் லெப்ட் கார்னர் ஆடினவன். முட்டி போன பிறகு ஸ்கோர் ஷீட் எழுத உட்கார்ந்தவன். கையெழுத்து கொஞ்சம் நன்றாக இருக்கும் என்ற பாவத்துக்காக, கடலூர் வட்டாரத்தில் ஆடினவர்கள், ஆடக் கற்றுக்கொடுத்தவர்கள், மைக் பிடித்தவர்கள் பெயர்களை ஒரு பலகையில் ஏற்றும் வேலை என் தலையில் விழுந்தது. குழுவில் ஆறு பேர். வங்கிக் கணக்கு கிடையாது.

முதலில் ஒரு பக்க விண்ணப்பம் தயார் செய்தோம். பெயர், விளையாட்டு, ஆடிய ஆண்டுகள், கடைசி வரியில் 'சான்றிதழ் நகல் இணைக்கவும்'. ஐம்பது ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்ததில் பதினொன்று திரும்பி வந்தது. பதினொன்றும் பளபளவென்று லேமினேஷன் நகல். பார்த்தால், அத்தனை பேரும் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலைக்குப் போனவர்கள். வேலை வாங்கிக் கொடுத்த காகிதத்தை யார்தான் தொலைப்பார்கள்? மைதானத்தில் நாங்கள் இன்றும் கதை கதையாகப் பேசுகிற ஆட்களில் ஒருவர்கூட அந்தப் பதினொன்றில் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடலோரத்துத் தேவனாம்பட்டினத்துக்கு ஒரு பழைய கபடிக்காரரைத் தேடிப் போனேன். ஒரு காலத்தில் அந்தப் பக்கத்துக்கே பெரிய ரைடர் அவர். இப்போது அறுபதைத் தாண்டிவிட்டார். வாசலில் வலை சீர் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேட்டதும் சிரித்துவிட்டார். "சுனாமில வூடே பூட்டுது, காயிதம் மட்டும் நிக்குமா தம்பி?" 2004 டிசம்பர் 26 காலையில் அந்தக் குப்பத்துக்குள் கடல் வந்தது எனக்கும் தெரியும். தெரிந்தும் போய் சர்டிபிகேட் கேட்டிருக்கிறேன். பண்ருட்டிப் பக்கம் போனால் அங்கே தானே புயல் கதை. 2011 டிசம்பர் 30 அன்று பலாவும் முந்திரியும் சாய்ந்த காற்றில் கூரையோடு பெட்டியும் போனதாகச் சொன்னார்கள்.

ரைடர் அண்ணன் வீட்டில் ஒரே ஒரு கப் மிஞ்சியிருந்தது. வலை பின்னுகிற ஊசிகளைப் போட்டு வைத்திருந்தார்கள். ஒரு கைப்பிடி இல்லை. அடிப்பக்கம் கறுத்துப் போயிருந்தது. அண்ணி புளி போட்டுத் தேய்த்துக் கொண்டுவந்தார். 'இரண்டாம் பரிசு' தெரிந்தது, அதற்குக் கீழே 'தெ.ஆ. மாவட்டம்'. ஆண்டு இருந்த இடத்தில் ஒட்டுப் பற்றவைத்திருந்தார்கள்.

அந்த 'தெ.ஆ.' பெரிய சண்டையைக் கிளப்பியது. 1993 வரைக்கும் எல்லாம் தென்னாற்காடு மாவட்டம், தலைநகரம் கடலூர். திண்டிவனம், கள்ளக்குறிச்சி ஆட்களும் மாவட்டத் தேர்வுக்கு இங்கேதான் பஸ் ஏறி வந்தார்கள். பிறகு விழுப்புரம் பிரிந்தது, 2019-ல் அதிலிருந்து கள்ளக்குறிச்சியும் பிரிந்தது. அந்தக் காலத்தில் கடலூர் மண்ணில் ஆடிய விழுப்புரத்துக்காரர் நம்மவரா, இல்லையா? இரண்டு கூட்டம் இதற்கே போனது. கடைசியில், பிரிவதற்கு முன் ஆடினவர் யாராக இருந்தாலும் நம்ம ஆள் என்று முடிவானது. ஒருவர் மட்டும் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

இன்னொரு கேள்விக்கு அவ்வளவு நேரம் ஆகவில்லை. இளசுகள் இந்துமதி கதிரேசன் பெயரைச் சொன்னார்கள். கடலூர்ப் பெண், இந்திய கால்பந்து அணிக்கு ஆடினவர், தமிழ்நாடு போலீஸில் எஸ்.ஐ. மறுக்க என்ன இருக்கிறது? ஆனால் ஆடிக்கொண்டிருப்பவரை இப்போதே பலகையில் ஏற்ற வேண்டாம் என்று எனக்குப் பட்டது. ஐ.சி.சி.யும் கிரிக்கெட் ஹால் ஆஃப் ஃபேமுக்கு அப்படித்தான் வைத்திருக்கிறது, கடைசி சர்வதேச ஆட்டம் முடிந்து ஐந்து வருஷம் ஆக வேண்டும். நாங்களும் அந்த ஐந்தை எடுத்துக்கொண்டோம்.

சரி, காகிதம் இல்லாதவருக்கு எது சாட்சி? கூட ஆடினவர்களைக் கேட்டால் ஆளாளுக்குப் புகழ்கிறார்கள். அதை வைத்து எதை எழுதுவது? ரைடர் அண்ணனே வழி சொன்னார். "என் டீம்காரன கேக்காத. பாகூர் பக்கம் ஒருத்தர் இருக்காரு, அவர கேளு." பாகூர் புதுச்சேரியில் சேர்ந்தது என்றாலும் எங்களுக்குப் பக்கம்தான், வண்டியில் போய்விட்டேன். அவர் ஒரு சொல்கூடப் புகழவில்லை. வலது கையை நீட்டிக் கட்டைவிரலைக் காட்டினார். அது மடங்கவில்லை. "அவன் கணுக்கால புடிச்சேன். புடிச்சது புடிச்சபடி என்னையும் இழுத்துக்கிட்டு கோட்டத் தொட்டான். இதுக்கு மேல என்னா சர்டிபிகேட்?" சொன்னதை அப்படியே எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கினேன். மடங்காத விரலோடு பேனாவைப் பிடிக்க அவருக்கு நேரமானது.

அன்றிலிருந்து விதியையே மாற்றினோம். சான்றிதழ் இருந்தால் சரி. இல்லையென்றால் எதிரணியில் ஆடிய இரண்டு பேர் கையெழுத்து. நாங்கள் போட்ட விதிகளில் உருப்படியானது இது ஒன்றுதான்.

ஊருக்குள் ஒரு தவறான பேச்சும் ஓடியது, எங்கள் பட்டியலில் பெயர் வந்தால் பென்ஷன் வரும் என்று. ஒரு அம்மா ரேஷன் கார்டு, பாஸ்புக் எல்லாவற்றையும் மஞ்சப்பையில் போட்டு எடுத்து வந்துவிட்டார். நலிந்த நிலையில் இருக்கிற முன்னாள் வீரர்களுக்கு அரசு கொடுக்கிற மாதம் 6,000 ரூபாய் தனித் திட்டம் என்று உட்கார வைத்துச் சொன்னேன். 58 வயது ஆகியிருக்க வேண்டும், தேசியப் போட்டியில் முதல் மூன்று இடத்துக்குள் வந்திருக்க வேண்டும், அல்லது இந்தியாவுக்காக ஆடியிருக்க வேண்டும், வருமான வரம்பும் உண்டு. வயதானவர்களுக்கு நடத்துகிற மாஸ்டர்ஸ் போட்டி மெடல் அங்கே செல்லாது. விண்ணப்பம் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துக்குப் போக வேண்டும். நாங்கள் கொடுப்பது ஒரு சால்வையும் பலகையில் ஒரு வரியும் மட்டுமே. அந்த அம்மா பையைச் சுருட்டிக்கொண்டு எழுந்து போனார். அன்றைக்கு எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

பயிற்சியாளர் வரிசையில் ஒருவரைச் சேர்க்க யாரும் சண்டை போடவில்லை. பயிற்சியாளர்களுக்கு மத்திய அரசு கொடுக்கிற துரோணாச்சார்யா விருதே 1985-ல்தான் வந்தது. அதற்கு முன்பே காலை ஐந்தரைக்கு விசிலோடு மைதானத்தில் நின்ற டிரில் மாஸ்டர் அவர். போலீஸ், ரயில்வே, என்.எல்.சி. என்று அவர் பிள்ளைகள் போன இடங்களை எழுதினேன். தாள் நிறைந்தது.

ஊர்ப் போட்டிகளில் மைக் பிடிக்கிற மைக் மாமாதான் கஷ்டம். வானொலியில் அப்துல் ஜப்பார் தமிழில் கிரிக்கெட் சொன்னதைக் கேட்டுப் பழகினவர். பொங்கல் மின்னொளிக் கபடி எங்கே நடந்தாலும் மாமா குரல்தான் கேட்கும். ஆனால் குரலுக்கு ஏது சர்டிபிகேட்? நெல்லிக்குப்பத்தில் கல்யாண வீடியோ எடுக்கிற ஒருவரிடம் பழைய வி.எச்.எஸ். கேசட் இருப்பதாகக் கேள்விப்பட்டு, பூஞ்சை துடைத்து, கம்ப்யூட்டரில் ஏற்றிக் கேட்டோம். முக்கால்வாசி, ரூபாய் நூற்றி ஒன்று அன்பளிப்பு கொடுத்தவர்களுக்கு நன்றி, சைக்கிளை ஓரமா நிறுத்துங்க, பச்சை சட்டை போட்ட பையனின் அம்மா மேடைக்கு வரவும். நடுவில் திடீரென்று குரல் இறங்குகிறது. "ஏழாம் நம்பர் பாடி வர்றாரு... தொட்டுட்டாரு... மூணு பேரு மேல கெடக்கான்... கோட்டுக்கு விரக்கடை... விரக்கடை..." அதோடு டேப் அறுந்துவிட்டது. புள்ளி வந்ததா இல்லையா என்று ஆறு பேரும் ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல், அதன் பின்னாலேயே பெண்ணையாற்று வெள்ளம். எங்கள் தெருவில் தண்ணீர் ஏறியபோது ஊரார் கொடுத்த அசல் போட்டோக்களும் ஆல்பங்களும் என் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இருந்தன. பெண்டாட்டி பாத்திரத்தை எடு என்கிறாள், நான் ஆல்பத்தைப் பரணில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். அதற்கு வாங்கிய திட்டு தனிக் கதை. இந்த வேலையை யாராவது எடுத்தால் அசலைக் கையால் தொடாதீர்கள், வாசலிலேயே போனில் படம் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பொங்கலுக்கு வைத்திருந்த விழா மாசி மகத்துக்கு அப்புறம் தள்ளிப்போனது. பலகைக்குச் சுவர் கேட்டு ஒரு அலுவலகத்துக்கு நான்கு முறை நடந்தேன், மேலே எழுதியிருக்கிறோம் என்றார்கள். கடைசியில் ஒரு உடற்பயிற்சிக் கூடத்துக்காரர் தன் சுவரைக் கொடுத்தார். கிரானைட் வெட்டினவர் மைக் மாமாவின் இனிஷியலை மாற்றிப் போட்டுவிட்டார். அடையாள அட்டையில் இருக்கிற மாமாவின் பெயரே எங்களில் பாதிப் பேருக்கு அன்றைக்குத்தான் தெரியும், யார் கண்டுபிடிப்பது? மாமா பலகை அருகே போய், கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "வர்ணனையாளர்னு வேற போட்டிருக்கீங்க. இனிஷியல் கெடக்கட்டும், அத மாத்தி மைக்னு போடு" என்றார். ஒரு எழுத்தை மட்டும் மாற்ற முடியாது, கல்லையே மாற்ற வேண்டும் என்கிறார் வெட்டினவர். அந்தப் பேரம் இன்னும் முடியவில்லை.

அடுத்த வருஷத்துக்கு ஏழு பேர் ஃபைல் என்னிடம் இருக்கிறது. நாலுக்குக் கையெழுத்து முடிந்தது. ஒரு வாலிபால்காரருக்கு எதிராக ஆடினவர் காரைக்காலில் இருக்கிறாராம். வர்ற ஞாயிறு போகணும்.