பெரியப்பாவின் ஈறு: கோத்தகிரி நாட்குறிப்பு

நவம்பர் 4

பெரியப்பாவுக்குப் பல் தேய்க்கும்போதெல்லாம் ரத்தம் வருகிறதாம். எவ்வளவு நாளாக என்று கேட்டால், "அது வருஷக்கணக்கா வர்றதுதானே" என்கிறார். போன வருடம் கோவையில் இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் (குழாயை விரித்து வைக்கும் வலைக்குழல்) வைத்தார்கள், ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் ஆஸ்பிரினும் குளோபிடோகிரெலும் சாப்பிடுகிறார், அதனால்தான் என்று அவரே முடிவு கட்டிவிட்டார். அந்த மாத்திரைகள் கசிவைக் கூட்டும், சரி. ஸ்டென்ட்டுக்கு முன்பே வந்த ரத்தத்துக்கு என்ன சொல்வது? தேயிலை ஃபேக்டரியில் இருந்த காலம் முழுக்க வாயில் வெற்றிலையும் புகையிலையும்தான்.

நவம்பர் 6

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தம்பி ஒரு வீடியோ போட்டான்: பல்லைச் சுத்தம் செய்தால் மாரடைப்பே வராதாம். எரிச்சலாக இருந்தது, ஏனென்றால் பாதி உண்மை. 1989இல் பின்லாந்தில் மாரடைப்பு வந்தவர்களை மற்றவர்களோடு ஒப்பிட்டபோது வந்தவர்களின் பற்கள் மோசமாக இருந்தன, பேச்சு சூடு பிடித்தது அங்கிருந்துதான். அப்புறம் ரத்தக்குழாயில் படிந்த கொழுப்புக்குள்ளேயே போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் போன்ற ஈறுக் கிருமிகளின் டிஎன்ஏ கிடைத்தது. ஈறு புண்ணாக இருந்தால் மெல்லும்போதுகூடக் கிருமி ரத்தத்தில் கலக்கும், உடம்பின் அழற்சியைக் காட்டும் சிஆர்பி என்ற புரதமும் ரத்தத்தில் ஏறும். ஆனால் புகைப்பவருக்கும் சர்க்கரை உள்ளவருக்கும் ஈறும் கெடும், இதயமும் கெடும், எதனால் எது என்று பிரிப்பதுதான் பாடு. 2012இல் அமெரிக்க இதயச் சங்கம் எல்லா ஆய்வையும் அலசி, அந்தப் பொதுக் காரணங்களைக் கழித்தாலும் தொடர்பு நிற்கிறது, ஆனால் ஈறு நோய்தான் இதய நோயைக் கொண்டுவருகிறது என்பதற்கோ, ஈறுக்கு வைத்தியம் பார்த்தால் அது தடுக்கப்படும் என்பதற்கோ ஆதாரம் இல்லை என்றது. இதையெல்லாம் தம்பிக்கு எழுதினேன். கட்டைவிரல் படம் ஒன்று வந்தது.

நவம்பர் 11

மழை. குன்னூர் பல் டாக்டரிடம் போகவில்லை. சுத்தம் செய்தால் பல் ஆடும் என்று பெரியம்மா பிடிவாதம். ஆட்டம் எலும்பு கரைந்ததால் ஏற்கெனவே வந்தது, பல்லைச் சுற்றிப் படிந்த காரை இறுகிக் கிடப்பதால் தெரியவில்லை, அவ்வளவுதான்.

நவம்பர் 14

பல் டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லுமுன் மாத்திரைச் சீட்டைத்தான் கேட்டார். பெரியப்பா பெருமையாக, "இன்னிக்கு மாத்திரை போடலைங்க, ரத்தம் வரக்கூடாதுன்னு" என்றாரே பார்க்கணும், டாக்டரம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. ஸ்டென்ட் வைத்தவர் இதய டாக்டரைக் கேட்காமல் அதை நிறுத்தினால் உள்ளே ரத்தம் உறையலாம், ஈறில் வரும் ரத்தத்தைப் பஞ்சு வைத்து அழுத்தியே நிறுத்திக்கொள்ளலாம் என்று சொல்லி, அங்கேயே தண்ணீர் கொடுத்து விழுங்க வைத்தார். கோவை இதய டாக்டருக்கும் போன் போட்டுப் பேசினார்.

அப்புறம் மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியைப் பல்லுக்கும் ஈறுக்கும் இடையில் விட்டு அளந்தார். "மூணு, மூணு, அஞ்சு... கடைவாய் ஏழு." நர்ஸ் எழுதிக்கொண்டே வந்தார். மூன்று வரை பரவாயில்லை, அதற்கு மேல் ஈறு பல்லை விட்டுப் பிரிந்து பையாகிவிட்டது என்று அர்த்தம், பிரஷ் அங்கே எட்டாது.

நவம்பர் 15

சுத்தம் செய்தால் இதயத்துக்கு நல்லதா என்று டாக்டரிடம் நேராகவே கேட்டிருந்தேன். 2007இல் வந்த ஒரு சோதனையைச் சொன்னார்: ஈறை ஆழமாகச் சுத்தம் செய்த மறுநாள் ரத்தக்குழாயின் விரியும் தன்மை குறைந்தது, ஆறு மாதத்தில் மற்றவர்களைவிட நன்றாக ஆனது. மாரடைப்பு குறைந்ததா என்பது அந்தச் சோதனையில் இல்லை. "பல்லுக்காகப் பண்ணுங்க, அதுவே போதும்" என்றார். எனக்கு இந்தப் பதில் பிடித்திருந்தது.

அடுத்த தடவை கீழ்த்தாடையைச் சுத்தம் செய்யப்போகிறார்கள். புகையிலை டப்பாவைப் பெரியம்மா ஒளித்து வைத்துவிட்டார், இவர் கடைவீதியில் புதிதாக வாங்கிக்கொள்கிறார்.