டெல்லிக் குளிரில் எலுமிச்சைப் புல்

டெல்லியில் மொட்டைமாடித் தோட்டம் போட்டிருக்கும் நம்மவர்களில் பலர், ஜனவரி மாதத்தில் எலுமிச்சைப் புல் தொட்டியைக் குப்பையில் கவிழ்த்துவிடுகிறார்கள். இலைகள் நுனியிலிருந்து செம்பழுப்பாகி, பாதிக்கு மேல் வைக்கோலாகக் காய்ந்து தொங்குவதைப் பார்த்தால், செடி போய்விட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் மயூர் விஹாரில் எங்கள் அடுக்ககத்தில் அப்படிக் கைவிடப்பட்டு என்னிடம் வந்து சேர்ந்த தொட்டிகளில் பெரும்பாலானவை மார்ச் மாதத்தில் தளிர்த்துவிட்டன.

உயிர் இருக்கிறதா என்று பார்ப்பது எளிது. தூரின் வெளிப்பக்கம் காய்ந்துபோன உறைகளை ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டே போனால், மண்ணை ஒட்டிய இரண்டு மூன்று அங்குலத்தில் வெளிர்பச்சையும் வெண்மையும் கலந்த தண்டு தென்படும். அது அழுத்தமாக இருந்து, நகத்தால் கீறியதும் மணம் எழுந்தால் கவலையில்லை. நடுக்குருத்தை இழுக்கும்போது எதிர்ப்பே இல்லாமல் வழுக்கிக்கொண்டு கையோடு வந்து, அழுகல் வாடை அடித்தால் மட்டுமே அந்தத் தண்டு தேறாது.

எலுமிச்சைப் புல் வெப்பநாட்டுப் பயிர். அதன் ஒரு வகை கேரள, தமிழக மலைச்சரிவுகளில் தானாகவே வளர்கிறது. மக்காச்சோளம், கரும்பு போல வெயிலும் வெப்பமும் சேர்ந்தால்தான் இது மும்முரமாக வளரும். வெப்பநிலை சுமார் 10 டிகிரிக்குக் கீழே போனால் வளர்ச்சி அநேகமாக நின்றுவிடும். டெல்லியிலோ ஜனவரி இரவுகளில் 7, 8 டிகிரி என்பது சாதாரணம். 2021 ஜனவரி 1 அன்று இங்குள்ள சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 1.1 டிகிரி வரை இறங்கியது. தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பது நம் ஊர்க் கணக்கு. இங்கே மார்கழியே இரண்டையும் துளைத்துவிடுகிறது.

இருந்தாலும், நான் பார்த்தவரையில் இந்த ஊர்க் குளிர் இலையைத்தான் எரிக்கிறது. தூரைக் கொல்வது பெரும்பாலும் நாம் ஊற்றும் தண்ணீர். வளர்ச்சி நின்ற செடியின் வேர் நீரை மிகக் குறைவாகவே உறிஞ்சும். மூடுபனி நாட்களில் மண்ணும் காயாது. அந்த ஈரமும் குளிரும் சேர்ந்து தூரை அழுகச் செய்துவிடும். எங்கள் கீழ்வீட்டு மாமி தினமும் காலையில் துளசிக்குத் தண்ணீர் விடும்போது பக்கத்திலிருக்கும் இதற்கும் பாசத்தோடு ஒரு சொம்பு விட்டுவிடுவார். பொங்கல் வருவதற்குள் அவருடைய செடி அழுகிவிடும். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முடியும் வரை, விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பார்த்து, அங்கேயும் உலர்ந்திருந்தால் மட்டும், வெயில் ஏறிய பிறகு கொஞ்சமாகத் தண்ணீர் விட வேண்டும். உரம் அறவே கூடாது. மண் கலவையில் மூன்றில் ஒரு பங்காவது பதர்பூர் மணல் என்று இங்கே விற்கும் பருமணல் இருப்பது இந்த ஒரு காரணத்துக்காகவே அவசியம்.

தொட்டியை எங்கே வைப்பது என்பதில்தான் அடுக்ககவாசிகள் யோசிக்க வேண்டும். டிசம்பர் இறுதியில் டெல்லியின் நண்பகல் சூரியன் தெற்கே சுமார் 38 டிகிரி உயரத்தில்தான் நிற்கிறது. ஜூனில் அநேகமாகத் தலைக்கு நேர் மேலே வந்துவிடுகிறது. ஆகவே கோடையில் வெயிலே எட்டிப் பார்க்காத தெற்குப் பால்கனியின் உட்சுவர் வரைக்கும் குளிர்காலத்தில் வெயில் சாய்வாக நுழையும். வடக்குப் பால்கனிக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. மேகமில்லாத இரவில் திறந்த மொட்டைமாடி தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்துகொண்டே இருக்கும் என்பதால், மாடியின் நடுவில் நிற்கும் தொட்டியைத் தண்ணீர்த் தொட்டியின் நிழற்கூரைக்குக் கீழேயோ, பகலில் வெயில் வாங்கிய செங்கல் சுவரை ஒட்டியோ நகர்த்தினாலே பாதி வேலை முடிந்தது. தொட்டியைச் சுற்றி ஒரு பழைய சணல் சாக்கைக் கட்டலாம். பிளாஸ்டிக் தாளால் மூடுவது எனக்கு உடன்பாடில்லை. உள்ளே நீர் கோத்து, தாள் தொடும் இடமெல்லாம் இலை கருகுகிறது.

காய்ந்த இலைகளை அப்போதே வெட்டலாமா என்று பலரும் கேட்கிறார்கள். பார்க்க அசிங்கமாக இருந்தாலும் அவை குருத்துக்குப் போர்வையாக நிற்கின்றன. மகா சிவராத்திரி வரை விட்டுவைப்பதே நல்லது. தேநீருக்கு வேண்டிய இலையை அக்டோபர் கடைசியிலோ நவம்பர் தொடக்கத்திலோ வெளித்தண்டுகளிலிருந்து மட்டும், கத்தரிக்கோலால் எடுத்துக்கொள்ள வேண்டும். இலையின் ஓரம் விரலைக் கிழித்துவிடும். மணத்துக்குக் காரணமான சிட்ரால் ஆவியாகக் கூடியது என்பதால் வெயிலில் போடாமல் நிழலில் உலர்த்த வேண்டும். சளி பிடிக்கும் மாதங்களில் செடியில் பறிக்க ஒன்றும் இருக்காது. சுக்குக் காப்பிக்குக் கைகொடுப்பது இந்த உலர்ந்த இலைதான்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நர்சரிகளில் கொசுவிரட்டும் சிட்ரொனெல்லாவையும் சில நேரம் இந்தப் பெயரிலேயே விற்றுவிடுகிறார்கள்; அடித்தண்டு செந்நிறமாக இருந்தால் சந்தேகப்பட வேண்டும், அது சமையலுக்கானது அல்ல. பாக்கெட்டில் வரும் விதை பெரும்பாலும் மெல்லிய தண்டுள்ள மலபார் வகை, தேநீருக்குப் போதும். பருத்த தண்டு வேண்டுமென்றால், டெல்லியின் ஐஎன்ஏ மார்க்கெட்டில் கிடைக்கும் தண்டுகளில் அடிக்கட்டை வெட்டப்படாதவற்றைப் பொறுக்கியெடுத்து, ஒரு டம்ளர் தண்ணீரில் நிறுத்தி, இரண்டு நாளுக்கு ஒருமுறை நீரை மாற்றினால், சில வாரங்களில் வேர் விடும். இதை மார்ச்சிலோ மழைக்காலத்திலோ செய்ய வேண்டும். டிசம்பரில் தொடங்குவது வீண்.

மண்ணே உறைந்துபோகும் ஊர்களில் இந்த உபாயங்கள் பலிக்காது. டொராண்டோவில் இருக்கும் என் தங்கை, முதல் உறைபனிக்கு முன்பே இரண்டு மூன்று தண்டுகளை வேரோடு பிரித்து, இலைகளை ஒரு சாண் உயரத்துக்குக் குறைத்து, சிறிய தொட்டியில் சமையலறை ஜன்னலோரம் வைத்துவிடுகிறாள். அங்கே தொல்லை ஹீட்டரின் வறண்ட காற்றில் பெருகும் சிலந்திப் பேன். இலையின் அடிப்புறத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டால் கட்டுக்குள் இருக்கும்.

இங்கே ஹோலிக்குச் சற்று முன்பாகத் தூரைத் தொட்டியிலிருந்து வெளியே எடுத்து, நடுவில் களைத்துப்போன பழைய தண்டுகளை நீக்கிவிட்டு, வேருள்ள வெளித்தண்டுகளை மட்டும் புது மண்ணிலும் மாட்டெருவிலும் நட்டால், ஏப்ரல் வெயிலில் அவை கிடுகிடுவென்று கிளம்பும். அதற்குப் பிறகு தினமும் தாராளமாகத் தண்ணீர் விடலாம், மாமி உட்பட.