சாயம் பூசாத வெள்ளை

ஜப்பானியக் கடிகார பிராண்டான கிராண்ட் செய்கோவின் 'ஸ்னோஃப்ளேக்' கடிகார டயலில் வெள்ளைச் சாயமே கிடையாது. நம்பக் கஷ்டம்தான், ஆனால் உண்மை. உலோகத் தட்டில் மேடுபள்ளமாக அச்சுப் பதித்து, அதன்மேல் வெள்ளி முலாம் பூசுகிறார்கள். அந்தச் சொரசொரப்பில் வெளிச்சம் நாலாபக்கமும் சிதறுவதால் வெண்பனி போலத் தெரிகிறது. இந்தக் கடிகாரம் தயாராகும் ஜப்பானின் ஷின்ஷூ பகுதி மலைகளில், காற்றடித்து வரிவரியாகப் படியும் பனிதான் இதற்கு மாதிரி. மணிமுள்ளும் நிமிடமுள்ளும் வெள்ளி நிறம். நொடிமுள் மட்டும் நீலம். அது டிக் டிக் என்று துள்ளாமல் வழுக்கிக்கொண்டே போகும். வேறு நிறமே தேவைப்படவில்லை!

டயலை மட்டும் புகழ்ந்தால் கேஸ், அதாவது கடிகாரத்தின் வெளிக்கூடு, கோபித்துக்கொள்ளும். 1967இல் வந்த 44ஜிஎஸ் மாடலில்தான் இந்த பிராண்டின் முகம் தெளிவானது. தட்டையான பரப்புகள், கூரான விளிம்புகள், பிம்பம் நெளியாத கண்ணாடிப் பளபளப்பு. வடிவமைப்பாளர் டாரோ தனாகா வகுத்த இலக்கணம் இது. அந்தப் பளபளப்புக்குச் செய்யும் பாலிஷின் பெயர் 'ஸரட்சு'. சுழலும் தகட்டில் கேஸைக் கையால் பிடித்து அழுத்த வேண்டும். கோணம் கொஞ்சம் பிசகினாலும் விளிம்பு மழுங்கிவிடும்.

 

ஸ்னோஃப்ளேக் 41 மி.மீ., என் மணிக்கட்டுக்குக் கொஞ்சம் பெரிசு. விலை வேறு லட்சங்களில். சரி, யூடியூபில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். யாராவது வைத்திருந்தால் வெயிலில் எடுத்த படம் ஒன்றைக் கமெண்டில் போடுங்கள். ஸ்டுடியோ படம் வேண்டாம்.