குக்கரில் பாப்கார்ன்: நான்கு ஞாயிறுகளின் கணக்கு

எங்கள் வீட்டில் ஞாயிறு மாலை நான்கு மணிக்குப் பசி வந்துவிடும். சிப்ஸ் பாக்கெட் வாங்குவதை நிறுத்திவிட்டு வீட்டிலேயே பாப்கார்ன் பொரிக்கப் போகிறேன் என்று அறிவித்தேன். மகள் நம்பவில்லை. அவள் நம்பாததற்கு முதல் வாரமே காரணம் கிடைத்தது.

முதல் ஞாயிறு: போன பொங்கலுக்கு முன் வாங்கி அலமாரியில் மறந்துபோன பாப்கார்ன் சோளத்தை எடுத்தேன். 5 லிட்டர் குக்கரில் எண்ணெய் ஊற்றி, அரை கப் சோளத்தைப் போட்டு, ஒரு தட்டால் இறுக மூடிவிட்டேன். குக்கர் மூடியைப் பூட்டக் கூடாது என்பது மட்டும் தெரிந்திருந்தது. அடியில் இருந்தவை கருகின. பொரிந்தவை ரப்பர் போல இழுபட்டன. பாதிக்கு மேல் பொரியவே இல்லை.

இரண்டாம் ஞாயிறு: முதலில் எண்ணெயில் மூன்றே மூன்று மணிகளைப் போட்டேன். மூன்றும் வெடித்த பிறகுதான் மீதியைக் கொட்டினேன். உடனே குக்கரை இறக்கி முப்பது எண்ணி, மறுபடி அடுப்பில் வைத்தேன். எல்லா மணிகளும் ஒரே அளவு சூடேற இந்த இடைவெளி உதவுகிறது. வெடிப்பு ஒரே மூச்சில் வந்தது. தட்டைச் சற்று விலக்கி வைத்ததில் நீராவி வெளியேறி, இழுபடும் தன்மையும் போய்விட்டது. இரண்டு வெடிகளுக்கு நடுவே இரண்டு விநாடி இடைவெளி வந்ததும் அடுப்பை அணைத்துவிட வேண்டும். இன்னும் நாலு பொரியட்டும் என்று காத்திருந்தால் நாற்பது கருகும்.

ஆனாலும் பொரியாதவை பெரிதாகக் குறையவில்லை. பிடிவாதமாக நூறு மணிகளை எண்ணிப் போட்டுப் பார்த்தேன். 41 அப்படியே கிடந்தன. புதிய பாக்கெட்டில் அதே சோதனை செய்தபோது 8 மட்டுமே. ஆக, குற்றவாளி அடுப்பல்ல, காய்ந்துபோன சோளம். மணிக்குள் சுமார் 14 சதவீதம் ஈரம் இருக்க வேண்டும். வெப்பம் 180 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது அந்த ஈரம் ஆவியாகி, கெட்டியான தோலைக் கிழித்து, உள்ளிருக்கும் மாவுச்சத்தை நுரைபோல் விரிக்கிறது. ஈரம் குறைந்தால் கிழிக்க ஆளில்லை.

பழைய சோளத்தைத் தூக்கி எறிய மனம் வரவில்லை. மூன்று கப் சோளத்துக்கு ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு, பாட்டிலை மூடி, அவ்வப்போது குலுக்கி நான்கு நாள் வைத்திருந்தேன். மூன்றாம் ஞாயிறு நூற்றுக்கு 15தான் மிஞ்சியது. பள்ளி மதிப்பெண்ணுக்குக்கூட நான் இவ்வளவு மகிழ்ந்ததில்லை.

உப்பில்தான் கொஞ்சம் தடுமாற்றம். கல்லுப்பு பொரியில் ஒட்டாமல் கீழே தங்கிவிடுகிறது. மிக்ஸியில் மாவாக அரைத்தால் கால் தேக்கரண்டியே அனைவருக்கும் போதும். வெண்ணெயில் நீர் இருப்பதால் பொரி நமத்துப்போகிறது. நெய் ஒரு கரண்டி, கொஞ்சம் மிளகுத்தூள், வறுத்து நொறுக்கிய கறிவேப்பிலை: எங்கள் வீட்டுத் தீர்ப்பு இது. இட்லிப் பொடி தூவியதை நான் மட்டுமே சாப்பிட்டேன். தங்கையின் இரண்டு வயது மகனுக்கு மட்டும் வாழைப்பழம். நான்கு வயதாகும் வரை பாப்கார்ன் தொண்டையில் அடைக்கும் ஆபத்து உண்டு.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அத்தை, "எங்கள் ஊரில் எண்ணெயே இல்லாமல் சோளம் பொரிப்போமே" என்றார். அவருக்குக் கோவில்பட்டிப் பக்கம். அவர் சொன்னது மக்காச்சோளம் அல்ல, வெள்ளைச் சோளம். நான்காம் ஞாயிறு இரும்புச் சட்டியை நன்றாகக் காயவைத்து, ஒரு கைப்பிடி மட்டும் போட்டு, துணியால் அழுத்தி அழுத்திக் கிளறினார். நெல்லிக்காய் விதை அளவுக்குச் சின்னச் சின்னதாக வெடித்தன, பாதிதான் பொரிந்தன. ஆனால் வறுத்த வாசனை இருக்கிறதே, அது பாப்கார்னில் கிடையாது. அதில் வெல்லப் பாகு சேர்த்து உருண்டை பிடிக்கலாம் என்கிறார் அத்தை.

மகள் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். "பாட்டி, இது எறும்புகள் சினிமா பார்க்கும்போது சாப்பிடுவதா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.