மண்ணால் எழுந்த ஆலயங்கள்: சாந்தா ஃபேயிலிருந்து தாவோஸ் வரை

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தின் தலைநகரான சாந்தா ஃபேயிலிருந்து வடக்கே தாவோஸ் செல்ல இரண்டு வழிகள் உள்ளன. ரியோ கிராண்டே ஆற்றை ஒட்டிச் செல்லும் நெடுஞ்சாலை விரைவானது. மலையூர்களின் ஊடாக ஏறி இறங்கும் 'மேட்டுச் சாலை' நேரத்தைத் தின்பது; ஆயினும் ஸ்பானியர் காலத்துக் கிறிஸ்தவச் சிற்றாலயங்கள் அந்த வழியில்தான் இருக்கின்றன என்பதால் நான் அதையே தேர்ந்தெடுத்தேன். அமெரிக்க வரலாறு என்றதும் கிழக்குக் கடற்கரையின் பதின்மூன்று குடியேற்றங்களிலிருந்து தொடங்குவதே நம் வழக்கமாகிவிட்டது. இந்த மலைநாட்டின் வரலாறோ ஸ்பெயினின் ஆட்சியில் தொடங்கி, 1821இல் மெக்சிகோவின் கைக்கு மாறி, மெக்சிகோவுடன் ஏற்பட்ட 1848 உடன்படிக்கைக்குப் பிறகே அமெரிக்காவோடு இணைந்தது. அந்த மாற்றங்கள் அனைத்தையும் கண்டும் வழிபாடு நிற்காத கட்டடங்கள் இவை.

சாந்தா ஃபேயிலேயே உள்ள சான் மிகேல் ஆலயத்தில் என் பயணம் தொடங்கியது. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுந்த இந்த ஆலயம், 1680இல் புவெப்லோ பழங்குடியினர் ஸ்பானிய ஆட்சியை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தபோது தீக்கிரையாகி, 1710இல் மீண்டும் கட்டப்பட்டது. உள்ளே மாடத்தைத் தாங்கும் உத்தரத்தில் அந்த ஆண்டைச் செதுக்கியிருக்கிறார்கள். ஆலயத்தைச் சுற்றியுள்ள பகுதிக்கு அனல்கோ என்று பெயர். ஸ்பானியரோடு மெக்சிகோவிலிருந்து வந்த த்லாக்ஸ்கலா மக்களும், உழைத்துப் பிழைத்த எளிய குடும்பங்களும் வாழ்ந்த இடம் அது. அந்நகரின் ஸ்பானிய ஆளுநர் மாளிகையைக் காட்டிலும் இந்தப் பகுதியே பின்னர் நான் கண்ட ஊர்களைப் புரிந்துகொள்ள எனக்கு உதவியது.

வடக்கே பள்ளத்தாக்கில் உள்ள சிமாயோ ஆலயம் 1816இல் பெர்னார்தோ அபெய்தா என்பவரால் கட்டி முடிக்கப்பட்டது. மலைச்சரிவில் ஒளி கண்டு தோண்டியபோது அவருக்கு ஒரு சிலுவை கிடைத்தது என்றும், வேறோர் ஆலயத்துக்குக் கொண்டுசென்றபோதெல்லாம் அது தோண்டிய குழிக்கே திரும்பி வந்தது என்றும் ஊரில் சொல்கிறார்கள். பீடத்துக்கு அருகிலுள்ள சிற்றறையில் அந்தக் குழி இன்றும் இருக்கிறது. நோய் தீரும் என்ற நம்பிக்கையில் அதிலிருந்து மக்கள் ஒரு பிடி மண்ணை எடுத்துச் செல்கிறார்கள். குழி தானாக நிரம்புவதில்லை, அருகிலுள்ள குன்றுகளின் மண்ணைக் கொண்டுவந்து தாங்களே நிரப்புகிறோம் என்று ஆலயத்தார் மறைக்காமல் கூறுவது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஸ்பானியர் வருவதற்கு முன்பே, அங்கு வாழ்ந்த தேவா மொழி பேசும் மக்கள் இவ்விடத்து மண்ணுக்கு நோய் தீர்க்கும் ஆற்றல் உண்டென்று போற்றி வந்தனர்.

ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஒரே குடும்பத்தின் உடைமையாக இருந்த இந்த ஆலயத்தை, வறுமையால் அவர்கள் விற்க நேர்ந்தபோது, ஸ்பானியக் காலக் கலைகளைக் காக்கும் சங்கம் ஒன்று 1929இல் 6,000 டாலருக்கு வாங்கி மறைமாவட்டத்திடம் ஒப்படைத்தது. இரண்டாம் உலகப் போரில் பிலிப்பைன்ஸின் பத்தானில் ஜப்பானியரிடம் சரணடைந்த படைகளில் நியூ மெக்சிகோவைச் சேர்ந்த ஏறத்தாழ 1,800 வீரர்கள் இருந்தனர். அவர்களில் பாதிப்பேர் அளவுக்கே உயிரோடு திரும்பினர். மீண்டவர்கள் 1946இல் சிமாயோவுக்கு நடந்தே வந்து நன்றி செலுத்தினார்கள். இப்போதும் புனித வெள்ளியன்று பல்லாயிரவர் சாலையோரமாக நடந்து வருகின்றனர்.

இந்தப் பயணத்தில் என்னை அதிகம் ஆட்கொண்டது லாஸ் த்ராம்பாஸ். 1751இல் அனல்கோவைச் சேர்ந்த பன்னிரண்டு குடும்பங்களுக்கு ஸ்பானிய ஆளுநர் இம்மலைப்பகுதியில் நிலம் வழங்கினார். வடகிழக்கிலிருந்து வரும் தாக்குதல்களை இவ்வூர் முதலில் தாங்கும், அதனால் தலைநகர் காக்கப்படும் என்பதே அந்தக் கொடையின் உள்நோக்கம். 1760இல் ஆயரின் அனுமதி பெற்று அக்குடும்பங்கள் கட்டத் தொடங்கிய ஆலயமே சான் ஹோசே தே கிராசியா. 1776இல் மேற்பார்வைக்கு வந்த தொமிங்கெஸ் என்ற துறவி, ஊர்த் தலைவரான ஹுவான் அர்குவேயோ எண்பது வயதைக் கடந்த நிலையிலும் ஆலயத்துக்காகத் தம்மிடமே காணிக்கை கேட்டதைப் பதிவு செய்திருக்கிறார். கிராமத்துக்குப் பொதுவாக இருந்த சுமார் 28,000 ஏக்கர் நிலம் அமெரிக்க ஆட்சியில் வழக்குகளின் வழியே மரத்தொழில் நிறுவனம் ஒன்றின் கைக்குப் போய், பிறகு கார்சன் தேசிய வனத்தின் பகுதியாயிற்று. மேய்ச்சலும் விறகும் போன பின்பும் ஆலயத்தை அவ்வூரார் விடவில்லை. நான் சென்ற வேளையில் கதவு பூட்டியிருந்ததால், முற்றத்தின் தாழ்ந்த மண்மதிலருகே நின்று அதன் இரட்டைக் கோபுரங்களையும் மர மாடத்தையும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த ஆலயங்கள் அனைத்தும் அடோபி எனப்படும், வெயிலில் காயவைத்த சுடாத செங்கல்லால் கட்டப்பட்டவை. மழையும் பனியும் மேற்பூச்சைக் கரைத்துக்கொண்டே இருப்பதால் விட்டுவிட்டு மண் பூசியாக வேண்டும். மரபாக அதைச் செய்தவர்கள் பெண்கள். இந்த வேலையைத் தவிர்க்க முயன்றதன் விளைவை, பயணத்தின் முடிவில் ரான்சோஸ் தே தாவோஸ் ஊரின் சான் பிரான்சிஸ்கோ ஆலயத்தில் அறிந்துகொண்டேன். 1967இல் அதன் சுவர்களுக்குச் சிமெண்ட் பூசினார்கள். விரிசல்களில் புகுந்த நீர் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கியதால், பார்வைக்கு உறுதியாக இருந்த பூச்சுக்குப் பின்னால் செங்கற்கள் மீண்டும் சேறாகத் தொடங்கின. 1979இல் ஊரார் சிமெண்டை உரித்துவிட்டு, மண்ணும் மணலும் வைக்கோலும் குழைத்துத் தாங்களே பூசினர். அதன்பின் ஆண்டுதோறும் கோடையில் அந்த வேலையைத் தொடர்கின்றனர். சான் மிகேலிலும் இதே காரணத்தால் பின்னாளில் சிமெண்ட் அகற்றப்பட்டது.

ஓவியர் ஜார்ஜியா ஓ'கீஃப் வரைந்து புகழ்பெறச் செய்த ரான்சோஸ் தே தாவோஸ் ஆலயத்தின் பின்புறச் சுவரைப் படமெடுக்கவே பலரும் வருகிறார்கள். செல்ல விரும்புவோர் ஜூன் மாதத்தில், மண் பூசும் நாள்களைக் கேட்டறிந்து போவது நல்லது. அப்போது சாரத்தின் மீது நிற்கும் ஊராரையும், கீழே மண் குழைக்கும் சிறுவர்களையும் சேர்த்தே அந்தச் சுவரைக் காணலாம்.